ஏல நாளுக்கு முன்பே முடிந்துவிடும் விற்பனை

அரசு நிலம் தனியாருக்குப் போகிறது என்று செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன விலைக்குப் போச்சு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விலை எங்கிருந்து வந்தது என்று கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினால், ஏலக் கூடத்தில் நடந்தது கடைசிச் சில பக்கங்கள் மட்டுமே என்று தெரியும். நிலம் பதிவேட்டில் எந்த வகைப்பாட்டில் இருந்தது, எங்கே கோடு போட்டுத் துண்டாக்கினார்கள், எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இருந்தபோது மதிப்பிட்டார்கள், யார் விலை கேட்கலாம் என்று நிபந்தனை எழுதினார்கள் என்ற இந்த நான்கும் ஏலத் தேதிக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். பொதுச் சொத்து கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான். வாங்க நினைப்பவர் ஏமாறுவதும் அங்கேதான்.

முதலில், விற்கக்கூடிய நிலமா?

அரசின் பெயரில் இருப்பதெல்லாம் அரசு விற்றுவிடக்கூடிய நிலம் ஆகாது. காலியான அலுவலகம், மூடிய கிடங்கு, பழைய குடியிருப்பு வளாகம் போன்றவற்றை அரசு ஒரு சொந்தக்காரரைப் போல வைத்திருக்கிறது. சாலை, ஏரி, ஆற்றுப்படுகை, கடற்கரை, மேய்ச்சல் தரை ஆகியவற்றுக்கு அது காவலாள் மட்டுமே. இந்த வேறுபாடு மிகப் பழையது. பிரான்சில் 1566-ஆம் ஆண்டின் மூலேன் அரசாணை, அரச நிலத்தை மன்னரே நினைத்தாலும் விற்றுவிட முடியாது என்று வைத்தது. இன்றும் அங்கே பொதுப் பயன்பாட்டு நிலத்தை விற்க இரண்டு படிகள் தாண்ட வேண்டும். நிலம் உண்மையிலேயே பயன்பாட்டிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். பிறகு அதை முறைப்படி வகைமாற்றம் செய்யும் ஆணை வேண்டும். ஆணை இல்லாமல் எழுதிய கிரயம் நிற்காது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 1869-ல் சிகாகோ ஏரிக்கரையில் நீருக்கடியில் இருந்த பெரும் பரப்பை ஒரு ரயில்வே நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1873-ல் அதே சட்டமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. வழக்கு 1892-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கும் நீர்ப்பரப்பை ஒரு மாநிலம் இப்படிக் கைகழுவ முடியாது என்று தீர்ப்பு வந்தது. இந்தியாவில் பியாஸ் ஆற்றோர நிலத்தைப் பற்றிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதே கோட்பாட்டை ஏற்றது. 2011-ல், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊராட்சிகளிடம் திரும்ப ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ஆகவே எந்த விற்பனையிலும் முதலில் பார்க்க வேண்டிய தாள், நிலத்தை "தேவைக்கு மிஞ்சியது" என்று சொல்லும் குறிப்பு. யார் கையெழுத்திட்டார்? எந்த மாதத்தில் போய்ப் பார்த்தார்? வாய்க்காலைக் கோடையில் பார்த்தால் அது வெறும் பள்ளம். மழைக்காலத்தில் பார்த்தால்தான் அது எந்த வயல்களின் தண்ணீரை எங்கே கொண்டுபோகிறது என்பது தெரியும். நடைபாதையும் அப்படித்தான். பதிவேட்டில் காலி இடமாக இருக்கும், ஆனால் சுற்றியிருப்பவர்கள் இரண்டு தலைமுறையாக அதன் வழியே நடந்துகொண்டிருப்பார்கள். "பயன்பாட்டில் இல்லை" என்ற ஒற்றை வரி ஆய்வு செய்து எழுதப்பட்டதா, மேசையில் எழுதப்பட்டதா என்பதை அந்தக் குறிப்போடு அளவர் வரைபடமும் தேதியிட்ட புகைப்படங்களும் இருக்கின்றனவா என்பதே சொல்லிவிடும்.

சில நாடுகள் "மிஞ்சியது" என்பதையே சட்டத்தில் இறுக்கி எழுதியிருக்கின்றன. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுக் கூட்டாட்சி நிலச் சட்டம், நிலத்தை அரசே வைத்துக்கொள்வதுதான் விதி, விற்பது விலக்கு என்கிறது. தனித்துக் கிடப்பதால் நிர்வகிப்பது கடினமாகவும் கட்டுப்படியாகாததாகவும் இருக்க வேண்டும். அல்லது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கு வாங்கி இப்போது அது தேவையற்றுப் போயிருக்க வேண்டும். அல்லது ஊர் விரிவாக்கம் போன்ற முக்கியமான பொது நோக்கம் வேறு இடத்தில் நிறைவேற முடியாததாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 2,500 ஏக்கருக்கு மேற்பட்ட துண்டு என்றால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிலம் அரசுக்கு வந்த கதை

அடுத்த தாள், அரசுக்கு இந்த நிலம் எப்படி வந்தது என்பது. ஆதியிலிருந்தே அரசுடையதா, வரி பாக்கிக்கு வந்ததா, ஒரு குடும்பத்திடமிருந்து கட்டாயமாகக் கையகப்படுத்தியதா? கடைசி வகை என்றால் விற்பனை அதிகாரி நிதானிக்க வேண்டும். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் கிரிச்செல் டவுன் என்ற 725 ஏக்கர் நிலத்தை விமானப்படை 1938-ல் குண்டு வீசிப் பழகுவதற்காக வாங்கியது. போருக்குப் பின் அது வேளாண் துறைக்கு மாற்றப்பட்டது. பழைய உரிமையாளரின் குடும்பம் திரும்பக் கேட்டபோது துறை மறுத்தது. விசாரணை நடந்து, 1954-ல் அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அதிலிருந்து வந்த விதிகள்படி, கட்டாயத்தின் பேரில் எடுத்த நிலம் தேவையில்லாமல் போய், அதன் தன்மையும் பெரிதாக மாறாமல் இருந்தால், இன்றைய சந்தை விலைக்கு முதலில் பழைய உரிமையாளருக்கே கொடுக்க முன்வர வேண்டும். நியூசிலாந்தின் 1981-ஆம் ஆண்டுப் பொதுப்பணிச் சட்டத்திலும் இப்படி ஒரு கடமை இருக்கிறது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 101-ஆம் பிரிவு, 5 ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்த நிலம் உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது.

இந்தச் சோதனையை விட்டுவிட்டு ஏலத்துக்குப் போனால் நடப்பது ஒன்றுதான். விலை கேட்டு, பணம் கட்டி, வங்கிக் கடனும் எடுத்த பிறகு பழைய குடும்பத்தின் வழக்கில் இடைக்காலத் தடை வரும். வாங்கியவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். நிலம் முள்வேலிக்குள் கிடக்கும்.

இன்னொரு சிக்கலும் அடிக்கடி வருவது. ஒரு துறை இன்னொரு துறையின் நிலத்தை விற்றுவிடும். அனுபவத்தில் ஒரு துறையும் பதிவேட்டில் இன்னொன்றும் இருக்கும். அதனால் விற்கும் துறையின் பெயரில் உரிமை மாறியிருக்கிறதா, மற்றத் துறைகளின் தடையின்மைச் சான்றுகள் இந்த அளவை எண்ணுக்கும் உட்பிரிவுக்கும்தான் வழங்கப்பட்டனவா என்று எண் எண்ணாக ஒப்பிட வேண்டும். உட்பிரிவு எண்ணில் ஒரு எழுத்து மாறினாலே அது வேறு நிலம்.

கோடு போடும் கை

ஏல அறிவிப்பின் கடைசியில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி இருக்கும். பலர் பரப்பளவை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். அதில் நான்கெல்லையைப் படியுங்கள். "வடக்கே: நெடுஞ்சாலை" என்று இருப்பதும் "வடக்கே: நெடுஞ்சாலைத் துறை நிலம்" என்று இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் வாசல் சாலைக்குத் திறக்கிறது. இரண்டாவதில் சாலைக்கும் மனைக்கும் நடுவே 3 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை கிடக்கலாம். அது விற்பனையில் சேரவில்லை. அந்தப் பட்டையைத் தாண்ட உரிமை இல்லாத மனைக்கு வழியே இல்லை. வழியில்லாத மனைக்கு யார் விலை கேட்பார்? ஏற்கெனவே வழி வைத்திருக்கும் பக்கத்து மனைக்காரர் மட்டும். "ஒரே ஒருவர்தான் கலந்துகொண்டார்" என்று முடியும் ஏலங்களில் பலவற்றை வரைபடத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

இதையே மறுபக்கமிருந்து பார்த்தால், அந்தப் பட்டைக்குத்தான் உண்மையான மதிப்பு. இங்கிலாந்தில் 1961-ல் கேம்பிரிட்ஜ் நகராட்சி தொடர்பான ஒரு வழக்கில், பின்னால் உள்ள நிலத்தை வளர்ச்சிக்குத் திறந்துவிடும் வழி நிலத்துக்கு, அதனால் உயரும் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார்கள். அங்கே இன்றும் பேரம் அந்த அளவுகோலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அரசு அலுவலகங்களோ இத்தகைய துணுக்கு நிலத்தை "தனியாகப் பயன்படாத சிறு பகுதி" என்று எழுதி, பக்கத்து மனைக்காரருக்குச் சதுர அடிக் கணக்கில் விற்றுவிடுகின்றன. ஏலமே இல்லாத நேரடி விற்பனைக்குச் சட்டம் கொடுக்கும் வழக்கமான விலக்குகளில் இது ஒன்று. பரப்பு சிறிதாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அதை வாங்குபவருக்கு அதனால் கூடுதலாக எத்தனை மாடி கிடைக்கிறது என்பதை வைத்தே அதற்கு விலை போட வேண்டும்.

துண்டின் அளவும் யார் வாங்குவார் என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா 1785-ல் பொது நிலத்தை 640 ஏக்கர் சதுரங்களாக வெட்டி, ஏக்கர் குறைந்தது 1 டாலர் என்று ஏலம் விட்டது. அத்தனை பெரிய துண்டை உழவர் யாராலும் வாங்க முடியவில்லை. மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பவர்களுக்கே அது தோதாயிற்று. அதன் பிறகு குறைந்தபட்ச அளவு 1800-ல் 320, 1804-ல் 160, 1820-ல் 80, 1832-ல் 40 ஏக்கர் என்று இறங்கியது. இன்று நகரத்தில் 20 மனைகளைச் சேர்த்து ஒரே தொகுதியாக ஏலம் விட்டால் அங்கும் அதே கதைதான். தொகுதியாக விடுவதற்குச் சாலை, வடிகால் போன்ற உண்மையான காரணம் இருக்கலாம். அப்படியிருந்தால் அது கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மதிப்பு: எந்தத் தேதியில், எந்தப் பயன்பாட்டுக்கு?

பதிவுக் கட்டணத்துக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை அப்படியே அடிப்படை விலையாக எடுத்துக்கொள்வது பரவலான தவறு. அது வரிக்காகத் தெருவாரியாகப் போட்ட சராசரி. ஒரு குறிப்பிட்ட மனையின் முகப்பு, ஆழம், வடிவம் எதுவும் அதில் இல்லை. சரியான மதிப்பீட்டில் குறைந்தது இரண்டு வழிகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, அண்மையில் விற்ற ஒத்த நிலங்களோடு ஒப்பிடுவது. இன்னொன்று, கட்டி விற்றால் என்ன மிஞ்சும் என்று பார்க்கும் எச்ச முறை.

எச்ச முறையைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் விளையாட்டு நடப்பது இதில்தான். கட்டி முடித்தால் மொத்த விற்பனை 100 பங்கு என்று வைப்போம். கட்டுமானம் 50, வட்டியும் கட்டணங்களும் 12, கட்டுபவர் லாபம் 18. நிலத்துக்கு மிஞ்சுவது 20. இப்போது விற்பனை மதிப்பை மட்டும் 10 சதவீதம் கூட்டுங்கள்: வருவாய் 110, செலவு அதே 62, லாபம் 19.8, நிலத்துக்கு 28.2. வருவாய் 10 சதவீதம் ஏறினால் நில மதிப்பு 41 சதவீதம் ஏறுகிறது. எதிர்ப்பக்கமாகக் கட்டுமானச் செலவை 50-க்குப் பதில் 55 என்று எழுதினால் நிலம் 20-லிருந்து 15-க்கு விழுகிறது. அதாவது யாரும் பொய் சொல்லாமலேயே, இரண்டு ஊகங்களைச் சற்று நகர்த்தி நிலத்தைப் பாதி விலைக்கோ இரட்டை விலைக்கோ காட்டிவிட முடியும். மதிப்பீட்டு அறிக்கையில் இறுதி எண்ணை விட்டுவிட்டு இந்த ஊகங்களைப் படியுங்கள்.

இதைவிடப் பெரியது வரிசை. விவசாய நிலமாகவோ அரசு அலுவலகப் பயன்பாடாகவோ இருக்கும்போது மதிப்பிட்டு விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றிக் கொடுத்தால், உயர்வு முழுக்க வாங்கியவருக்கே போகும். பயன்பாட்டு மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு விற்பதே முறை. அதற்கு நேரமில்லை என்றால், பின்னாளில் அனுமதி கூடினால் உயரும் மதிப்பில் இத்தனை சதவீதம் அரசுக்கு என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அதற்கு ஆண்டு வரம்பும் கணக்கிடும் முறையும் சேர்த்து. இது இரண்டும் இல்லாத விற்பனையைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறே இல்லை. மதிப்பீட்டுத் தேதியும் முக்கியம்: சந்தை ஏறும் காலத்தில் ஓராண்டுப் பழைய அறிக்கையை வைத்து அடிப்படை விலை போடுவது சலுகை கொடுப்பதற்குச் சமம்.

குறைந்த விலைக்கு விற்கவே கூடாதா? பள்ளி, மருத்துவமனை, ஏழைகளுக்கான வீடு என்றால் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு குறைத்தோம் என்ற எண் வெளியே தெரிய வேண்டும். இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி நியாயமாகக் கிடைக்கக்கூடிய சிறந்த விலைக்குத்தான் விற்க வேண்டும். உள்ளூர் நலனுக்காகக் குறைப்பதென்றால் 20 லட்சம் பவுண்டு வரை 2003-ஆம் ஆண்டின் பொது ஒப்புதலில் முடியும்; அதற்கு மேல் அமைச்சரின் அனுமதி வேண்டும். சலுகைக்கு ஓர் எண் இருப்பதால் அதைப் பற்றி வாதாட முடிகிறது.

யார் கேட்கலாம்

ஏலத்தை முடக்க எளிய வழி தகுதி நிபந்தனை. கடந்த மூன்றாண்டில் இத்தனை கோடி வருவாய், இதே அளவில் இதே வகைக் கட்டடம் கட்டிய அனுபவம், ஆவணம் வாங்க ஏழு நாள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரே ஆளின் சட்டை அளவு தெரிந்துவிடும். வெறும் நிலத்தை விற்கும்போது அனுபவத் தகுதி எதற்கு? பணம் கட்டும் திறன் போதும். அமெரிக்கக் கூட்டாட்சி நில விற்பனையில் ஏலத்துக்கு 60 நாளுக்கு முன்பே அறிவிப்பு வெளியாக வேண்டும், கருத்துச் சொல்ல 45 நாள் வேண்டும். அந்த அவகாசம் இருந்தால்தான் வெளியூர்க்காரர் வந்து மண்ணைப் பார்த்து, கடன் ஏற்பாடு செய்து விலை கேட்க முடியும்.

வாய்மொழி ஏலமா, மூடிய உறையா என்பது போட்டியாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பலர் வருவார்கள் என்றால் வாய்மொழி ஏலம் விலையை ஏற்றும். மூன்று நான்கு பேர்தான், அவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்றால் மூடிய உறையே நல்லது. திறந்த ஏலத்தில் கூட்டு சேர்ந்தவர்கள் ஒப்பந்தத்தை மீறுபவரைக் கண்ணெதிரே பிடித்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறத்தில் குடியேறியவர்கள் சங்கமே வைத்து, வெளியார் யாரும் விலை கேட்காதபடி மிரட்டி, அரசின் குறைந்தபட்ச விலைக்கே நிலங்களை எடுத்தார்கள்.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டிக் கட்டும் வைப்புத் தொகை சிறியதாக இருந்தால் இன்னொரு தந்திரம் உண்டு. கூட்டாளிகளில் ஒருவர் யாரும் தொட முடியாத விலை கேட்டு முதலாவதாக வருவார், பிறகு பணம் கட்டாமல் விலகுவார். விதியில் "அடுத்தவருக்கு அவர் கேட்ட விலையில்" என்று இருந்தால் நிலம் மலிவாக அடுத்த கூட்டாளிக்குப் போகும். இழந்தது சிறு வைப்புத் தொகை மட்டும். விலகினால் மறு ஏலம் என்று எழுதுவதும், வைப்புத் தொகையைக் கேட்ட விலையில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் வைப்பதும் இதைத் தடுக்கும்.

ஒருவர் தானாக வந்து "அந்த இடம் வேண்டும்" என்று மனுக் கொடுத்தால் என்ன செய்வது? சிங்கப்பூரின் வழி எனக்குப் பிடித்தது. விற்கத் தயாரான மனைகள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். ஒருவர் குறைந்தது இவ்வளவு தருகிறேன் என்று உறுதியளித்து, அது அரசுக்கு ஏற்புடையதாக இருந்தால், மனை எல்லோருக்கும் திறந்த ஒப்பந்தப்புள்ளிக்கு வரும். கேட்டவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. அங்கே வீட்டு மனைகள் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கே தரப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலம் ஒரு நாள் திரும்பி வரும்.

பணமும் பத்திரமும்

தவணை கொடுத்தால் விலை பெரிதாகத் தெரியும். 120 கேட்டவர் 10 சதவீதம் இப்போது, மீதி நான்காண்டு முடிவில் என்கிறார். இன்னொருவர் 100-ஐ இன்றே தருகிறார். 8 சதவீத வட்டியில் கணக்கிட்டால் முதலாமவரின் 120 இன்றைய மதிப்பில் சுமார் 91 மட்டுமே. அமெரிக்கா 1800-லிருந்து கால் பங்கு முன்பணம், மீதி நான்காண்டுக்குள் என்று விற்றுப் பார்த்தது. 1819 பொருளாதார நெருக்கடியில் பாக்கி மலைபோல் குவிய, 1820-ல் கடன் விற்பனையையே நிறுத்தி, ஏக்கர் 2 டாலராக இருந்த குறைந்தபட்ச விலையை 1.25 ஆக்கி, ரொக்கம் மட்டும் என்று மாற்றியது.

வாங்குபவர் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை வேறு. அரசு பெரும்பாலும் "உள்ளது உள்ளபடி" என்றுதான் விற்கும். அடியில் போகும் குழாய், மேலே போகும் மின்கம்பி, ஏற்கெனவே குடியிருப்பவர், பழைய கிடங்கின் எண்ணெய் ஊறிய மண் எல்லாம் வாங்குபவர் தலையில் விழும். கனிம உரிமை பல நாடுகளில் அரசிடமே தங்கிவிடும். எல்லைக்கற்களை அளவரோடு போய்ப் பார்த்து, பரப்பு குறைந்தால் விலை குறையுமா என்ற வரியைத் தேடுங்கள். "ஏறத்தாழ" என்ற சொல் இருந்தால் குறையாது.

பொதுமக்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், பிழையான விற்பனையைக் கையெழுத்துக்குமுன் தடுப்பதுதான் முடியும். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் 1795-ல் யாசூ பகுதியில் சுமார் 3.5 கோடி ஏக்கரை 5 லட்சம் டாலருக்கு நான்கு நிறுவனங்களுக்கு விற்றது. வாக்களித்த உறுப்பினர்கள் லஞ்சம் வாங்கியிருந்தது வெளியானதும் 1796-ல் புதிய சட்டமன்றம் விற்பனையை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் நிலம் கைமாறியிருந்தது. 1810-ல் உச்ச நீதிமன்றம், லஞ்சம் பற்றி அறியாமல் பின்னால் வாங்கியவரின் உரிமையை அந்த ரத்து பறிக்க முடியாது என்றது.

விற்ற பிறகு வரும் நிபந்தனைகளுக்கும் அதே பலவீனம் உண்டு. "36 மாதத்தில் கட்ட வேண்டும், அதுவரை விற்கக் கூடாது, தவறினால் நிலம் திரும்ப வரும்" என்று எழுதியிருப்பார்கள். வாங்கியது இதற்கென்றே தொடங்கிய நிறுவனம் என்றால், நிலத்தை விற்காமல் நிறுவனத்தின் பங்குகளை விற்றுவிடுவார்கள். பதிவேட்டில் பெயர் மாறாது. அதனால் பங்கு கைமாறுவதும் விற்பனையாகவே கொள்ளப்படும் என்ற வரி வேண்டும். அடமானம் வைக்க அரசு கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில், நிலத்தைத் திரும்ப எடுக்கும் அரசின் உரிமை வங்கியின் உரிமைக்கு முந்தியதா பிந்தியதா என்று எழுதாமல் விட்டால், நிபந்தனை மீறப்பட்ட நாளில் வங்கி முதலில் வந்து நிற்கும். நிபந்தனை வில்லங்கப் பதிவிலும் ஏற வேண்டும். இல்லையென்றால் அடுத்து வாங்குபவர் தனக்கு அது தெரியாது என்று சொல்லிவிடலாம். 37-ஆம் மாதம் இந்தக் கோப்பை எந்தப் பதவியில் இருப்பவர் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் விற்பனை ஆணையிலேயே எழுத வேண்டும்.